காப்புக் கட்டிய மாத்திரை

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போகிற இருமலை, சைக்கிள் மிதித்துத் தேடிக்கொண்டு போகிற தொழில் என்னுடையது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் "டி.பி.காரர்" என்றால் நான்தான். குடும்பக்கட்டுப்பாடு, முதியோர் கல்வி, அம்மை ஊசி என்று ஏதாவதொன்றைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராய் மிதித்தவரா நீங்கள்? அப்படியானால் நாய் துரத்தினது முதல் எல்லாம் உங்களுக்கே தெரியும். மிதிக்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களும் படிக்கலாம்.

அந்தக் காலத்து வைத்தியம் ஒன்றரை வருஷம். முதல் இரண்டு மாதம் தினம் ஊசி, பிறகு தினம் மாத்திரை. மூன்றாம் மாதமே இருமல் நின்றுவிடும், கன்னத்தில் சதை வைக்கும். உடனே மாத்திரையைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள். உள்ளே கிருமி சாகாமல் உட்கார்ந்திருந்து ஆறே மாதத்தில் ரத்தமாய் வெளியே வரும். அப்படி விட்டவர்களைத் துரத்திப் பிடித்துத் திரும்ப மாத்திரை தின்ன வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. இரண்டையும் வைத்துக்கொண்டும் ஒன்றும் நடக்கவில்லை.

பருத்தி வியாபாரி

கடம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பேர் வேண்டாம், அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சீனியம்மாள் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வயது இருபத்திரண்டோ மூன்றோ. புருஷன் வேலுச்சாமி மானாவாரிக் காட்டில் பருத்தியும் உளுந்தும் போடுகிறவன். ஊசி போட்ட இரண்டு மாதமும் அவளைக் கோவில்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்க வைத்து, "பிள்ளை உண்டாக வைத்தியம் பாக்கோம்" என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். மாத்திரையை மட்டும் நான் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். "டி.பி.ன்னு ஊருக்குத் தெரிஞ்சிச்சோ, அன்னைக்கே இவளை ஆத்தா வீட்டுல கொண்டு விட்டுருவேன்" என்று மாமியார்க்காரி என்னிடமே கறாராய்ச் சொன்னாள். சீனியம்மாள் கதவுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேரைக் கேட்டால்கூட மாமியார்தான் பதில் சொல்லுவாள்.

வேறு வழி? பருத்தி வியாபாரி ஆனேன். மாத்திரைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோவேன். போகிற வழியில் நாலு காட்டைப் பார்த்து, நாலு காயைத் தொட்டு, "இந்த வருசம் வெடிப்பு எப்படி?" என்று கேட்டு வைப்பேன். மூன்றாவது தடவை போனபோது எதிர்வீட்டுக்காரர் என் சைக்கிளை நிறுத்தினார். கையில் ஒரு பிடி பருத்தி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாசாமாசம் வாரீய, ஒரு பொதி எடுத்ததில்ல. நீங்கல்லாம் என்ன வியாபாரம் அண்ணாச்சி பண்ணுதீய?"

அந்தோணி நல்லவரான கதை

அந்தோணி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். மகா குடிகாரர். நான் மாத்திரையோடு போனால் நாயை அவிழ்த்து விடுவார். பொண்டாட்டியை அடிக்கிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று மைதானத்தில் நடந்த சுகமளிக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போனார். போனவர் மண்ணில் புரண்டு அழுதாராம். அன்றோடு குடி நின்றது, அடி நின்றது. கூடவே மாத்திரையும் நின்றது. "மாத்திரை தின்னா, சாமி சொகமாக்கினதை நான் நம்பலைன்னு அர்த்தமாயிரும் சார்" என்றார். நான் கத்தாத கத்தல் இல்லை. அவர் கோபப்படவே இல்லை. என் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கடலைமிட்டாய் கொடுத்தார். அவர் வேஷம் போடவில்லை என்று எனக்கே தெரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாய் இருந்தது. நிஜமாகவே மனுஷன் மாறிப்போயிருந்தார்.

நாலாவது மாதம் வாய் வாயாய் ரத்தம் கக்கிச் செத்துப்போனார். துட்டிக்குப் போயிருந்தேன். அவர் பொண்டாட்டி அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"பதினோரு வருசம் நெஞ்சு நல்லாருந்திச்சு, மனுசன் நல்லால்ல. மனுசன் நல்லாகி நாலே மாசம், நெஞ்சு போச்சு. ரெண்டும் சேந்து நல்லாருந்து ஒரு நாளு நான் பாக்கலையே அண்ணாச்சி."

டாக்டரிடம் ஒரு சந்தேகம்

இதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். எங்கள் டாக்டர் அதிகம் பேசமாட்டார். காலையில் குளித்துப் பட்டையாய் விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். அன்று அந்தோணியின் பழைய படத்தைக் கட்டுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "சார், குடியை விட்டாச்சு, அடிக்கிறதை விட்டாச்சு, புது மனுஷனா ஆயாச்சு. உள்ளுக்குள்ள இவ்வளவு நடந்திருக்கு, அது நுரையீரலுக்குக் கொஞ்சங்கூடவா எட்டலை?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படத்தைக் கீழே வைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனசு தெம்பா இருந்தா உடம்பு தாக்குப்பிடிக்கும், அதை நானே பாத்திருக்கேன். ஆனா கிருமி, ஆள் திருந்திட்டானான்னு விசாரிச்சுட்டாய்யா தின்னுது?"

அம்மன் சொன்ன கெடு

இந்த லட்சணத்தில் அடுத்த மாதம் சீனியம்மாள் வீட்டுக்குப் போனால், போன மாதம் கொடுத்த மாத்திரை கொடுத்தபடி அப்படியே இருக்கிறது. இருமல் நின்றுவிட்டதாம், அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாளாம். ஊரில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டியிருந்தார்கள். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், கையில் காப்போடு ஆட்கள். அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்கும் உங்களுக்கு: காப்புக் கட்டினவர்கள் விரதத்தை விடக்கூடாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது. அண்டப்புளுகனும் காப்புக் கட்டிவிட்டால் அந்த எட்டு நாளும் சொன்ன சொல் தவறமாட்டான். அந்தோணியின் முகம் கண்ணுக்குள் நின்றது. இவளும் போகப்போகிறாள் என்று நினைத்தேன். என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமலே வாயிலிருந்து வந்தது: "நேத்து எனக்கு ஒரு சொப்பனம். அம்மன் வந்து சொன்னா. இருமலை நான் நிறுத்திட்டேன், நோவு போகணும்னா இன்னும் பதினாலு மாசம் அந்தப் பிள்ளை காப்புக் கட்டி இந்த மாத்திரையை விரதமா எடுக்கணும்னு."

நான் கோயில் வாசலை மிதிக்காத ஆள். ஆனாலும் மஞ்சள் துண்டை நூலில் முடிந்து அவள் கையில் கட்டினது நான்தான். கட்டும்போது இன்னொன்றும் சொன்னேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இந்த மாத்திரை சிலருக்கு ஈரலைப் பதம்பார்த்துவிடும். கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால் மாத்திரையை உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வா என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியது எங்கள் கடமை. அதைச் சொன்னால் லேசாய்த் தலை சுற்றினாலே அதைச் சாக்காய் வைத்து விட்டுவிடுகிறார்கள். அதனால் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "நடுவுல என்ன வந்தாலும் நிறுத்தப்படாது, வந்தா அது அம்மன் வைக்கிற சோதனை" என்றேன். மாமியார்க்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏன் அண்ணாச்சி நிறுத்தப் போறோம்? நீங்க மருந்துன்னுல்லா சொன்னிய!"

எந்தக் கோயில் கயிறு

பலித்துவிட்டது. மறுமாதம் போனபோது மாத்திரை டப்பா சாமிப் படத்துக்கு முன்னால், குங்குமம் வைத்து இருந்தது. ஒரு மாத்திரை மிச்சமில்லை. ஆஹா, இவ்வளவுதானா விஷயம் என்று மஞ்சளும் நூலும் பையிலேயே போட்டுக்கொண்டேன். ஊருக்குத் தக்க சாமி, சாமிக்குத் தக்க சொப்பனம். ராத்திரி முழுக்க எனக்குச் சொப்பனம் காணவே நேரம் போதாது என்கிற அளவுக்குப் புளுகினேன். ஆறு மாதத்தில், பாதியில் விட்டவர்கள் பட்டியலில் எங்கள் பக்கத்து ஆட்களைக் காணோம். என்னய்யா மந்திரம் போட்டாய் என்று டாக்டரே கேட்டார். ஆறுமாதப் படம் எடுக்கச் சீனியம்மாள் மட்டும் வரவில்லை, காப்போடு எல்லை தாண்டமாட்டாளாம். சளியை டப்பாவில் வாங்கி நானே கொண்டுபோனேன். சரி, அதிலே தெரிந்துவிடும் என்று டாக்டரும் விட்டுவிட்டார்.

கோவில்பட்டியில் காதர் என்று ஒரு தையல்காரர், என் நோயாளிதான். பக்கத்துக் கடைக்காரர் கையில் கயிற்றைப் பார்த்துவிட்டு எனக்கு ஏன் கட்டவில்லை என்று பிடித்துக்கொண்டார். பாய், உங்களுக்கு இது சரிப்படாதே என்று நான் இழுத்தேன். தொழுகிற கையையே நீட்டினார்.

"கட்டுங்க அண்ணாச்சி. கிருமி என்ன, நான் எந்தப் பக்கம் திரும்பித் தொழுதேன்னு பாத்துட்டா உள்ள போச்சு?"

பம்படியில் பேசினவள்

கயிறு கட்டி எட்டு ஒன்பது மாதம் இருக்கும். சீனியம்மாள் ஊருக்குள் சைக்கிளைத் திருப்பினால், பம்படியில் குடத்தோடு நின்ற பத்துப் பெண்களுக்கு நடுவில் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்று சத்தமாய்ப் பேசிக்கொண்டிருக்கிறாள். யாரென்று பார்த்தால் கதவுக்குப் பின்னால் நின்ற அதே சீனியம்மாள்! "எனக்கு டி.பி.தான். ஆமா. அம்மன் சொல்லி மாத்திரை திங்கேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு? ஏட்டி, நீயும் ரெண்டு மாசமா இருமுதியே, அந்தா அண்ணாச்சி வாராவ, போயி சளியக் குடு" என்று ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். அந்த ஊரில் அவள் பிடித்துக்கொடுத்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் மட்டும் ஏழு பேர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அவளிடம் விபூதி வாங்கிப்போனார்கள்.

ஆத்தா வீட்டுக்கு அனுப்புவேன் என்று மிரட்டின மாமியார் இப்போது அவளுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். நான் பருத்தி வியாபாரம் பண்ணவேண்டிய தேவையும் போயிற்று. சளியில் கிருமி இல்லை. எது இவளைக் குணமாக்கிற்று, மாத்திரையா, நான் அவிழ்த்துவிட்ட பொய்யா, அல்லது இரண்டுக்கும் அப்பால் அவளுக்குள்ளே எதுவோ விழித்துக்கொண்டதா? எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் சந்தோஷமாய் இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை. மாமியார்க்காரி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முணுமுணுத்தாள்.

"இருமலைத்தான நிறுத்தச் சொன்னோம் அண்ணாச்சி. வாயத் தொறந்து விடச் சொன்னமா?"

அம்மன் நிறம்

அதற்குப் பிறகு என்னை வேறொரு முகாம் வேலைக்கு இரண்டு மாதம் இழுத்துவிட்டார்கள். கயிறு கட்டினவர்களுக்கெல்லாம் இரண்டு மாத மாத்திரையை மொத்தமாய்க் கொடுத்துவிட்டுப் போனேன். மற்றவர்களைத்தான் யாராவது போய்ப் பார்க்கவேண்டும், கயிற்றுக்காரர்களை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று ஆபீசில் நானே நையாண்டியாய்ச் சொல்லிவிட்டும் போனேன். திரும்பி வந்து நேராய் அந்த ஊருக்குத்தான் போனேன். வாசலில் வேப்பிலை. உள்ளே கட்டிலில் சீனியம்மாள் படுத்திருந்தாள், சுற்றிலும் பெண்கள். என்னைப் பார்த்துக் கண்ணைத் திறந்தாள். இரண்டு கண்ணும் மஞ்சளை அரைத்துப் பூசினது மாதிரி இருந்தது. "அம்மன் நெறம் வந்திருக்கு, பாருங்க" என்றாள் ஒருத்தி பெருமையாய்.  எத்தனை நாளாய் என்றேன். இருபது நாளாம். எதைத் தின்றாலும் வாந்தியாம். வாந்தி எடுத்து முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறாள்.

நிறுத்து, உடனே நிறுத்து, ஆஸ்பத்திரிக்கு வா என்று கத்தினேன். "கெட்டினது நீங்க. அவுக்கச் சொல்லுததும் நீங்களா?" என்றாள். சீனியம்மாள் மெல்லத்தான் சொன்னாள், அசைந்துகொடுக்கவில்லை. இன்னும் நாலு மாதம் இருக்கிறதாம், எல்லை தாண்டமாட்டாளாம். வேலுச்சாமி என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அத்தனை பேர் முன்னாலும் நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன்: "தாயி, அம்மன் எனக்கு ஒண்ணும் சொல்லலை. சொப்பனம் பொய். மஞ்சளும் நூலும் பலசரக்குக் கடையில வாங்கினது. நான் பாவி, பொய் சொன்னேன்."  மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு, காலையில் டாக்டரோடு ஜீப்பில் வருகிறேன் என்று எழுந்தேன். சீனியம்மாள் என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சிரித்தாள்.

"ஒங்ககிட்ட அவ சொல்லாம இருந்திருக்கலாம் அண்ணாச்சி. எங்கிட்ட சொன்னா."

எழுதவேண்டிய அட்டை

மறுநாள் ஜீப் போனபோது அவளுக்கு நினைவில்லை. எல்லைக் கல்லை அவள் அறியாமல்தான் தாண்டினாள். வண்டி அதைக் கடந்தபோது மாமியார்க்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றக் கை வேண்டும் என்று டாக்டர் கத்தரிக்கோலால் காப்பை வெட்டினார். கருத்துப்போன மஞ்சள் துண்டு கீழே விழுந்தது. யாருய்யா கட்டினது என்றார். நான்தான் சார் என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "நெஞ்சு சுத்தமாயிட்டுய்யா, ஒரு கிருமி இல்லை. ஈரல்தான் போயிட்டு. நீ நிக்காதே, கயிறு கட்டின மத்தவங்களைப் போய்ப் பார்" என்று மட்டும் சொன்னார். போனேன். வீடு வீடாய்ப் போய்ச் சொப்பனம் பொய், கண் மஞ்சளானால் நிறுத்துங்கள் என்று சொன்னேன். ஒருவர்கூடக் கயிற்றை அவிழ்க்க விடவில்லை. அவர்கள் அத்தனை பேரும் கெடு முடித்துக் குணமானார்கள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சீனியம்மாள் மூன்றாம் நாள் செத்துப்போனாள். பதினாறு கழிந்து வேலுச்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்தான். மடியிலிருந்து ஒரு சேலைத் துண்டை எடுத்து மேஜையில் அவிழ்த்தான், உள்ளே ஆறு மாத்திரை. நான் டப்பாவைப் பிடுங்குவேன் என்று தெரிந்தோ என்னவோ, ஏழு மாத்திரையை முந்தானையில் முன்கூட்டியே முடிந்து வைத்திருந்திருக்கிறாள். ஜீப் வருவதற்கு முன்னால், விடியக்காலம் நினைவு தப்புகிற நேரத்தில், ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் கேட்டாளாம். கொடுத்தது வேலுச்சாமிதான். அவன் என்னை அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராய் இருந்தேன். அவன் என் மேஜையில் இருந்த அவளுடைய சிகிச்சை அட்டையை எடுத்து, வலிக்கக்கூடாது என்பதுபோல் தடவிவிட்டு, என் பக்கம் திருப்பி வைத்தான்.

"நீங்க டப்பாவத் தூக்கிட்டுப் போன பொறவும் அவ நிறுத்தல. காப்புக் கெட்டின நாள்லருந்து ஒரு நாளுகூட விடுதல் இல்ல அண்ணாச்சி, அப்படியே எழுதிக்கிடுங்க."

பாதியில் விட்டு ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடிக்கத்தான் சர்க்கார் எனக்குச் சைக்கிள் கொடுத்தது. விடாமல் பிடித்துக்கொண்டவளை நிறுத்த என்ன கொடுத்திருக்க வேண்டும் என்று பென்ஷன் வாங்குகிற இந்த வயதிலும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.